சாயப்பட்டறை அண்ணாவுக்குத் தாகம் இல்லையாம்

இன்னிக்கு சாயப்பட்டறை ஓனர் அண்ணா நம்ம வீட்டுல நூல் இறக்க வந்தார். வேர்த்து ஊத்துது மனுசனுக்கு.

என் பொண்ணோட கையைக் காட்டினேன். முழங்கை வரைக்கும் கொப்புளம்.

"அண்ணா, உங்க சாயத்தண்ணி எங்க போர் கெணத்துல இறங்குது. திருப்பதியில காட்டின டாக்டரும் எந்தத் தண்ணியில குளிக்கறீங்கன்னுதான் மொதல்ல கேட்டார்."

"ஏம் லேதுப்பா, ஒண்ணுமில்ல, வெயில் கொப்புளம். தண்ணி நல்லாத்தான் கீது."

நான் வாயை மூடிக்கினேன். இவர் நூல் நின்னா என் தறியும் நிக்கும்.

வீட்டுக்காரி மட்டும் உள்ள போய், வந்தவங்களுக்குத் தர்ற மாதிரி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து நீட்டினாள். அண்ணா வாங்கி வாய்கிட்ட கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"கேன் தண்ணியாம்மா?"

"நம்ம போர் தண்ணிதாண்ணா. நல்லாத்தான் கீதுன்னு சொன்னீங்களே."

பக்கத்துத் தறியில இருந்த என் தம்பி சுவிட்சை அமுத்தித் தறியை நிறுத்திட்டான்.

"தாகம் இல்லம்மா." சொம்பைக் கீழே வச்சார்.

"அப்ப என் பொண்ணு எதுல குளிக்கும்?" வீட்டுக்காரி கேட்டாள்.

அண்ணா பாதி நூலை இறக்காமலே வண்டியை எடுத்துக்கினு போயிட்டார்.

நாளைக்குத் தறி ஓடுமான்னு தெரியல. சொம்பு அங்கேயேதான் கீது. தாகமா இருக்கறவங்க வாங்க, ஓனரே நல்ல தண்ணின்னு சொன்னது.