ஹெலிகொப்டர் வரும்வரை புல் வெட்டிய கதை

புயல் மழையில் மண் சரிந்து, அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வரும் பாதை போய்விட்டது. அப்போது நான் இருபத்தெட்டு வருடம், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்து பழுத்தவன். தோட்ட மானேஜரான துரை சொன்னதைத் தொழிலாளர்களிடம் சொல்வதும், தொழிலாளர்கள் சொன்னதைத் துரையிடம் சொல்லாமல் விடுவதும் எனக்குக் கைவந்த கலை.

நிவாரணப் பொருளோடு ஆறு இராணுவத்தாரை ஹெலிகொப்டர் எங்கள் மைதானத்தில் இறக்கிவிட்டுப் போயிற்று. திரும்பி வந்து அவர்களை ஏற்றும்போது பாக்கியத்தையும் ஏற்றிப்போவதாக ஏற்பாடு. எங்கள் தோட்டத்து நிறைமாதக்காரி அவள். பிரஷர் ஏறி, கால் வீங்கி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் தப்பாது பிள்ளையும் தப்பாது என்று மிட்வைஃப் சொல்லிவிட்டார்.

துரை கொழும்பில் மாட்டிக்கொண்டார். உத்தரவு மட்டும் ஃபோனில் தவறாமல் வந்தது.

"கண்டாக்கு, ஹெலிகொப்டர் வருது. பேஷன்ட யாரும் தூக்கிட்டுப் போகக்கூடாது. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். ஆம்பளைங்கள மைதானத்துல புல்லு வெட்ட விடுங்க."

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், இருபது ஆண்களைப் புல்வெட்டுக்குப் பிரித்தேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்கும் மெயின் ரோட்டுக்குக் குறுக்குப் பாதையில் மூன்று மணி நேர நடை. நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிப்போகும் தோள்கள் அந்த இருபதுதான். அந்தத் தோள்கள் பனிமூட்டத்துக்குள் நின்று புல் வெட்டின. மைதானம் கல்யாண மாப்பிள்ளையின் தாடைபோல் ஆயிற்று. சுண்ணாம்பில் பெரிய வட்டமும் போட்டேன். மழை அழித்தது. மறுபடி போட்டேன்.

சார்ஜன்ட் நல்ல மனிதர். எப்போது கேட்டாலும் ரேடியோவைக் காதில் வைத்துவிட்டு, "தவ பைய பாகயய்" என்று சிங்களத்தில் சொல்வார். இன்னும் அரை மணி நேரமாம். அந்த அரை மணி நேரம் இரண்டு நாள் ஓடிற்று. லயத்து ரொட்டியையும் கட்டச் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டு, நாட்டைக் காப்பவர்கள் வானத்தைப் பார்த்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பெரட்டிலும், "புல்லு வெட்டு, இருபது ஆள்" என்றேன். பாக்கியத்தின் மாமியார் மாரியாயி, கொழுந்துக் கூடையோடு முன்னால் வந்தாள்.

"புல்லு எங்கங்கய்யா இருக்கு? இனி மண்ணத்தான் வெட்டணும்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பத்தாம் நம்பர் மலையே கண்ணுக்குத் தெரியல. இந்த மூட்டம் இப்ப எந்திரிக்காதுங்க. அந்தப் புள்ள கண்ணு மங்குதுங்குது. ஒங்க மக படுத்திருந்தா புல்லா வெட்டிக்கிட்டிருப்பீங்க?"

என் முகம் சுட்டது. கோபம் என்று நினைத்தேன். வெட்கம்தான்.

"இருபது ஆளும் கம்பளி தூக்கப் போங்க," என்றேன். துரையைக் கேட்காமல் நான் பிரித்த முதல் வேலை அது.

சார்ஜன்ட் ஸ்ட்ரெச்சரை எடுத்து வந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது திரும்பாது என்று மாரியாயி கையால் காட்டினாள். கம்பளியின் இரண்டு முனைகளையும் மூங்கிலில் கட்டிப் பாக்கியத்தைக் கிடத்தினார்கள். சார்ஜன்ட் ரேடியோவைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். "யமு, போவோம்" என்று தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். பத்தடிக்கு ஒருவர் பூட்ஸோடு சறுக்கினார். வெறுங்காலில் போன எங்கள் ஆட்கள் ஒரு கையால் மூங்கிலையும் மறு கையால் இராணுவத்தையும் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

அன்று பின்னேரமே பெண் குழந்தை. "இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் இல்ல," என்றாராம் டாக்டர்.

ஐந்தாம் நாள் ஹெலிகொப்டர் வந்து, நான் போட்ட வட்டத்துக்குள் அச்சாக இறங்கிற்று. ஏற்றுவதற்குத்தான் ஒருவரும் இல்லை. துரை ஃபோனில் கேட்டார்.

"வந்துருச்சா கண்டாக்கு? நான் சொன்னேன்ல!"

"வந்துருச்சுங்க தொரை."

"பேஷன்ட ஏத்தியாச்சா?"

"பேஷன்ட் பெத்து ரெண்டு நாளாச்சுங்க."

புதிதாகக் கண்டாக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். துரையைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை ஏராளம். உயிருக்குப் போராடும் ஆளைத் தூக்குவது அதில் சேராது. இதைப் படிக்க எனக்கு இருபத்தெட்டு வருடமும், அதற்குமேல் இரண்டு நாளும் ஆயிற்று. பாக்கியம் இன்றும் என்னைக் கண்டால் கும்பிடுகிறாள். அந்த இரண்டு நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.