கொக்கி அக்காவும் விளக்குக்காரர்களும்

கொக்கி அக்கா தன் வருங்காலக் கணவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைத்தான் பார்த்தாள். முத்திரை உடையாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் "உட்காருங்க" என்று அவர் சொன்னதே அவள் காதில் விழுந்தது. "என்னைப் பிடிச்சுதான் கட்டிக்கிட்டியா, இல்ல என் மீட்டரையா?" என்று அவர் இன்றைக்கும் கேட்பார். "ரெண்டும் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்தேன்" என்பாள்.

மின்சார அலுவலகத்தில் திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. கம்பத்துக் கம்பியில் கொக்கி மாட்டிக் கரண்ட் உறிஞ்சுபவர்களைத் தேடிப் பிடித்து அவிழ்ப்பதால் அந்தப் பட்டப்பெயர் வந்தது. வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள், அவள் பதவி உயர்வு போல ஏற்றுக்கொண்டாள். அவளுடைய வேதம் ஒரே வரிதான்: "உள்ள போனதும் வெளிய வந்ததும் ஒத்துவரலன்னா நடுவுல எவனோ குடிக்கறான்." அந்த எவன் யாராக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான், அவளுடைய மேலதிகாரிகளுக்கு அப்படி இல்லை. ஒற்றை பல்பு எரியும் தகரக் குடிசையை மடக்கினால் கைதட்டுவார்கள். ஐஸ் கிடங்கின் மீட்டரில் கை வைத்தால் மேலிடத்திலிருந்து போன் வரும். போன் வந்தும் கையை எடுக்காததால் இருமுறை இடமாற்றம் வாங்கியவள்.

சந்தேகம் வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பாராட்டினால் "என்ன வேணும்?" என்பாள். பள்ளியிலிருந்து கூடவே வந்த தோழியின் வீட்டுப் பின்சுவரில் ஒரு கொக்கியைப் பார்த்து, தோழி என்றும் பாராமல் புகார் எழுதிக் கொடுத்தாள். எழுதியது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தோழி பேசவில்லை, தோழியின் தோழிகளும் பேசவில்லை. உறவினர் கல்யாணத்தில் கூட ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்து நாற்காலியை அவளுக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

எஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மேசை ஒன்றுதான்.

அவள் தம்பி ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தான். ஞாயிறு மதியம் மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, காகிதம் அடுக்கும் நீள மேசையைத் துடைத்து, மை வாசத்துக்கு நடுவே நான்கு நாற்காலி போடுவான். அங்கே நடப்பது ஒரு விளையாட்டு. கட்டமோ காயோ கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு வேடம் எடுத்து, "நான் கதவைத் திறக்கறேன்", "நான் வெட்டறேன்" என்று சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். உலகம் சொல்பவன் தம்பி. கொக்கி அக்கா ஒரு வாள்காரி. தெருக்கோடி மருந்துக்கடைக்காரர் குதிரைவீரர், வெளியில் குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர். நான்காவது ஆள் ஏணி, அதுவும் பட்டப்பெயர்தான். அலுவலகத்தில் அவளோடு சுற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் கீழே நின்று காட்டும் கம்பத்தில் ஏறுவது அவன்தான், கிழிந்து டேப் ஒட்டிய ரப்பர் கையுறையோடு. இங்கே அவன் பூட்டுத் திறக்கும் கள்ளன்.

ஆரம்பத்தில் தம்பியின் உலகத்தில் மந்திரம் கொட்டிக் கிடந்தது. காயம் பட்டால் ஒரு வரி முணுமுணுத்தால் ஆறும், செத்தால் இரண்டு வரி. கொக்கி அக்கா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வெடித்தாள்.

"செத்தவன் எழுந்து வர்ற ஊர்ல கொலை என்ன, கொசுக்கடி என்ன? எதுக்குடா பயப்படறது? எதுக்கு யோசிக்கறது? மந்திரத்தைக் குறை."

தம்பி குறைத்தான். மந்திரவாதிகளை ஊரைவிட்டே அனுப்பினான். காயம் ஆற்றும் மருந்து அந்த உலகம் முழுமைக்கும் ஒரே ஒரு குப்பி, அது குதிரைவீரரின் சேணப்பையில். அவளுக்கு அந்த உலகம் பிடித்துப்போனது. அற்புதத்தை எதிர்பார்க்காமல் சொந்த மூளையை நம்பி வாழும் ஊர், அவள் வாழ ஆசைப்பட்ட ஊர்.

ஆனால் ஓராண்டு போனதும் மூக்கில் புகை வாடை அடித்தது. பழைய உலகத்தின் மிருகங்கள் அதே பல்லோடு அதே நகத்தோடு அலைந்தன. ஆற்றும் மந்திரம் மட்டும் இல்லை. கணக்குப்படி மூன்று பேரும் எப்போதோ செத்திருக்க வேண்டும். ஒருவரும் சாகவில்லை. குதிரைவீரருக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. உள்ளே போகும் அடி எங்கே போகிறது?

காதைத் தீட்டிக்கொண்டாள். தம்பி தன் பகடைகளை ஒரு மறைப்புக்குப் பின்னால் உருட்டுவான், பழைய காலண்டர் அட்டையை மடித்துச் செய்தது. மிருகம் பாயும்போது பெரிய பகடை தட்டென்று விழும். சில சமயம், சிறிது தயங்கி, சின்னப் பகடை ஒன்று கிளுக்கென்று விழும். குதிரைவீரர் மேல் பாயும்போதெல்லாம் அந்தக் கிளுக் கேட்டது. மருந்துக்கடையின் காகித உறைகள் யார் அச்சடிப்பது? தம்பி. வாடிக்கையாளரைக் கொல்ல எந்தத் தொழில்காரனுக்கு மனசு வரும்?

"கள்ளாட்டம் நடக்குது" என்றாள் வீட்டில்.

கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "நடக்கட்டுமே. அது விளையாட்டு."

"விளையாட்டுல ஏமாத்தறவன்..."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. உன் கூட உட்கார்ந்து சிரிக்கறதுக்குன்னு மிச்சம் இருக்கறது மூணே பேர். அந்த மேசையிலயும் ரெய்டு போட்டுடாத."

அவர் சொன்னது உண்மை, உண்மையைச் சந்தேகிக்க அவளுக்குத் தெரியாது.

ஆனாலும் அடுத்த ஞாயிறு வழியெல்லாம் சோதனையைத் திட்டமிட்டுக்கொண்டேதான் போனாள். ஒரு வீட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் எதை அணைப்பது? ஒவ்வொரு முறை சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் ஊரிலிருந்து நான்கு விளக்குக்காரர்களைக் கூலிக்கு அழைத்துப் போவார்கள். திரும்பும்போது அவர்களில் யாராவது குறைந்திருப்பார்கள். தம்பி "ஐயோ, விளக்குக்காரன் குறுக்கே வந்துட்டான்" என்பான். மற்றவர்கள் "பாவம்" என்று சொல்லிவிட்டு டீயை எடுப்பார்கள்.

"இந்தத் தடவை ஆள் வேணாம்" என்றாள். "விளக்கை நானே பிடிக்கறேன்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "வேணாம்க்கா. உனக்கு வாள் பிடிக்க ரெண்டு கையும் வேணும்ல?"

"ஒரு கை போதும்."

"இருட்டுக் குகை. நாலு பேர் இருந்தா நல்லது."

"ஏன்டா, உனக்கென்ன? நீயா நடக்கப் போற?"

"நல்லதுதானே, கூலி மிச்சம்" என்றார் மருந்துக்கடைக்காரர். ஏணி பிஸ்கட்டை டீயில் நனைத்தான்.

இறங்கினார்கள். தம்பியின் குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. சுவர் ஈரத்தையும் வௌவால் நாற்றத்தையும் சொல்லிச் சொல்லி நேரத்தைக் கடத்தினான். கடைசியில் வேறு வழியில்லாமல் பாறைப்பல்லி வந்தது, மாட்டு வண்டி அளவு, கண் இல்லாதது. குதிரைவீரர் மேல் பாயும் என்று அவள் காத்திருந்தாள். அது விளக்கின் சூட்டை நோக்கித் திரும்பியது. விளக்கு அவள் கையில்.

மறைப்புக்குப் பின்னால் பெரிய பகடை தட்டென்று விழுந்தது.

கிளுக் வரவில்லை.

தம்பி கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "பல்லி பாயுது... தவறிடுச்சு. சுவத்துல மோதிடுச்சு."

"அட்டையை எடு."

"அக்கா..."

"எடுடா."

"விடுங்க மேடம், விளையாட்டுல போய்..." என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் கை அட்டையின் விளிம்பு வரை போய் நின்றது. கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தோழியின் பின்சுவரும் நினைவுக்கு வந்தது. பிறகு அட்டையைத் தூக்கினாள்.

பகடையில் இருபது. அதைவிடப் பெரிய அடி அந்த உலகத்தில் கிடையாது. பக்கத்தில் நான்கு முகச் சின்னப் பகடை, தொடாமல் கிடந்தது.

"இது எதுக்கு?" என்று சின்னதைக் காட்டினாள்.

தம்பி கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "எந்த விளக்குக்காரன்னு பார்க்க."

"அப்படின்னா?"

"நீ மந்திரத்தைக் குறைன்னு சொன்ன, குறைச்சேன். மிருகங்களைக் குறைக்கல. அது எனக்கு உறைக்கறதுக்குள்ள கதை பாதி போயிடுச்சு. நேர்மையா உருட்டினா முதல் குகையிலயே மூணு பேரும் காலி. ஆத்தற மந்திரம் இல்ல, அடி மட்டும் இருக்கு, எங்கயாவது இறக்கணும்ல? கூலிக்கு வந்தவன் மேல இறக்கினேன்."

"சாருக்காகத்தானே? உறை ஆர்டருக்காக?"

தம்பி இப்போதுதான் நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இருந்தது. "சாருக்காகவும்தான். ஆனா பாதிக்கு மேல உனக்காக. எப்பவும் முதல்ல பாயறது யாரு? உன் மேல விழ வேண்டிய அடிக்கெல்லாம் ஒரு ஆள் போயிருக்கான். நீ செத்துட்டா கோவிச்சுக்கிட்டு வராம போயிடுவியோன்னு பயந்தேன்."

கொக்கி அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். குதிரைவீரருக்கு வந்த கிளுக் எல்லாம் அவள் காதில் பதிந்திருந்தது. தனக்கு வந்த கிளுக் ஒன்றுகூடப் பதியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் வீட்டு மீட்டரையெல்லாம் திறந்து பார்த்தவளின் வீட்டுச் சுவரில் ஓராண்டாகக் கொக்கி தொங்கியிருக்கிறது. அந்த உலகத்தில் மந்திரம் குறையவே இல்லை. பெயரில்லாத ஆட்களின் உடம்புக்குள் அதை மாற்றி வைத்திருந்தார்கள், தேவைப்பட்டபோதெல்லாம் எடுத்துக் குடித்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"எனக்கு முதல் மாசமே தெரியும்க்கா" என்றான் ஏணி.

மூவரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஏன் சொல்லல?"

"யார் கேட்டா? கம்பத்துலேர்ந்து நான் இறங்கினா 'வேலை முடிஞ்சுதா'ன்னு கேப்பீங்க. இங்க வெளக்குக்காரன் செத்தா 'அடுத்தவனக் கூப்பிடு'ன்னு சொல்லுவீங்க. பரவாயில்லயே, தம்பி நம்ம ஆபீஸைத் தத்ரூபமா எடுத்திருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன்."

சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. என்கிட்ட குப்பி இருக்கே. மேடம் வாயில ஊத்திடறேன். பொழைச்சுக்குவாங்க."

"ஒரு விளக்குக்காரனுக்காவது ஊத்தினீங்களா சார்?" என்றாள் அவள்.

"அவங்க கேக்கலையே."

"செத்தவங்க எப்படி சார் கேப்பாங்க?" என்றான் ஏணி.

"இருபது விழுந்தா விழுந்ததுதான்" என்று கொக்கி அக்கா எழுந்தாள். "நான் செத்துட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அது தனக்காக இறங்கியதா, காற்றுக்கா என்று தெரியவில்லை.

"அந்த மேசையையும் உடைச்சிட்டியா?" என்றார் வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த கணவர்.

"தெரியல."

"குற்றவாளி யாரு?"

"நான்தான்" என்றாள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் ஸ்டோர் அறை வாசலில் நின்று, புதுக் கையுறை வராமல் நகரமாட்டேன் என்றாள். "அடுத்த மாசம் வரும்" என்ற ஸ்டோர்காரரின் அலமாரியைத் தானே திறந்தாள். உறை பிரிக்காத கையுறைகள் அடுக்கடுக்காக இருந்தன. வாங்கிய கையுறைக்குள் காற்று ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தே ஏணியிடம் கொடுத்தாள். அவனும் வாங்கி இன்னொரு முறை ஊதிப் பார்த்தான். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி வாரம் முழுக்கப் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. ஞாயிறு மதியம் அச்சகத் தெருவுக்குள் திரும்பியபோது ஷட்டர் மூடியிருக்கும் என்றே நினைத்தாள். பாதி திறந்திருந்தது. பாதி என்றால் வா என்றா, போ என்றா? குனிந்து உள்ளே நுழைந்தாள். நான்கு நாற்காலி. மேசையில் பகடைகள், அட்டையைக் காணவில்லை.

"குப்பைக்குப் போயிடுச்சு" என்றான் தம்பி, அவள் கண் போன இடத்தைப் பார்த்து. "இனிமே எல்லாம் வெளியிலதான். மிருகங்களையும் மாத்திட்டேன். பசிச்சாதான் வரும், அடிபட்டா ஓடும். நீங்களும் ஓடலாம், வெட்கமில்ல. காயம் ஆற வாரக்கணக்காகும், அதுவரைக்கும் படுத்துக் கிடக்கணும்."

"படுத்துக் கிடந்தா கதை எப்படி நகரும்?" என்றார் மருந்துக்கடைக்காரர். முதல் ஒரு மணி நேரத்திலேயே அவர் குதிரைவீரருக்குத் தொடையில் காயம். எல்லார் கண்ணெதிரிலும் விழுந்த பகடை. அவர் முனகினாரே தவிர, எழுந்து போகவில்லை. நொண்டிக்கொண்டே ஊர்ச் சத்திரத்துக்கு வந்து, கதைக்குள் சில வாரம் படுத்துக் கிடந்து, பிறகு கூலிக்கு ஆள் தேடினார்.

"விளக்குத் தூக்க ஒருத்தி இருக்கா" என்றான் தம்பி, அக்காவைக் காட்டி. அவள் புது வேடம் அது. பெயர் வைத்திருந்தாள், வயது வைத்திருந்தாள், ஊரில் காத்திருக்கும் ஓர் அம்மாவையும் வைத்திருந்தாள்.

"வாம்மா, போலாமா?" என்றார் குதிரைவீரர்.

"அந்தக் குப்பி யார்கிட்ட இருக்கு?" என்றாள் விளக்குக்காரி.

"என் பையில, பத்திரமா."

"அது என் இடுப்புல இருக்கணும். இல்லன்னா நீங்களே விளக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். உலகத்திலேயே ஒரே குப்பி. தம்பியைப் பார்த்தார், தம்பி உதவிக்கு வரவில்லை. கடைசியில் வெறுங்கையை நீட்டி, இல்லாத குப்பியைக் கொடுத்தார்.

"முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்கக்கா" என்றான் ஏணி.

கொக்கி அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.