சீசனில் என் வண்டியில் வந்தவர்கள்

தென்காசியில் வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிந்தால் மட்டும் போதாது. அருவியில் தண்ணீர் ஏன் இல்லை, அல்லது ஏன் இவ்வளவு இருக்கிறது என்பதற்கும் அவனே பதில் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கும் சகாக்களே, நீங்களும் சொல்லித்தான் இருப்பீர்கள்.

முதுகு காட்டிய பூக்கள்

புதுசாகக் கல்யாணமான ஜோடி. சூரியகாந்தித் தோட்டத்தில் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சுந்தரபாண்டியபுரம் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ரோட்டில் இருந்து பார்த்தால் அத்தனை பூவும் கிழக்கே பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன. பெண்ணின் முகம் வாடிவிட்டது. "சூரியகாந்தின்னா சாயங்காலம் மேற்கால சூரியன் பக்கம்ல திரும்பி நிக்கணும்" என்று மாப்பிள்ளை என்மேல் பாய்ந்தார்.

மண்வெட்டியோடு வயல்காரர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ செடி மிதிபடாமல் வரப்பு வழியாக அந்தப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினார். படம் எடுத்து முடித்ததும் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி வயல்காரர் சொன்னார்:

"பூ திரும்பாது தம்பி, நாமதான் சுத்தி வரணும். கல்யாணம் ஆயிட்டுல்லா, இனி பழகிரும்."

கோபுரக் காற்று

மதுரையில் இருந்து அண்ணன், தம்பி இருவர் குடும்பத்தோடு வந்தார்கள். முதலில் எங்கே போவது என்று கிளம்பும்போதே சண்டை. வழி நெடுக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் எப்போதும் ஒரு காற்று ஆளைத் தள்ளும். அன்று அது அண்ணன் தோளில் கிடந்த துண்டைத் தூக்கித் தம்பி முகத்தில் அப்பியது. தம்பி துண்டை எடுத்தார், அண்ணனைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் மனைவி என்னிடம் சொன்னார்:

"மதுரையில ஆரம்பிச்சு நானும் பேசிப் பேசிப் பாத்தேன். ஒத்தக் காத்து முடிச்சு விட்டுருச்சே!"

ஐந்தருவி

கரிசல் காட்டுத் திருவேங்கடம் ஊர்ப் பக்கம் களையெடுக்கும் பெண்கள் ஆறு பேர், சேர்ந்து வண்டி பிடித்து வந்தார்கள். அருவியையே பார்த்திராதவர்கள். போய் இறங்கினால், வெள்ளம் அதிகம் என்று குளிக்கத் தடை.

"நாளைக்கு வேலைக்குப் போவணும் சார், இன்னைக்கு ஒரு நாள்தான்" என்று அங்கே நின்ற காவலரிடம் சொன்னார் அவர்களில் மூத்தவரான முத்தம்மா.

காவலர் சின்ன வயசுக்காரர். "வெள்ளம் எறங்காம விட மாட்டோம்க்கா. எறங்குனதும் நானே வந்து கூப்பிடுதேன்."

சாரலில் நனைந்தபடி கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. மணி மூன்று. நம்பிக்கை போய் வண்டியைத் திருப்பலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது காவலர் ஓட்டமும் நடையுமாக வந்தார்: "யக்கா, வாங்க!"

ஆறு பேரும் போட்ட கூச்சல் அருவிச் சத்தத்தை மிஞ்சியது. ஒரு மணி நேரம் கழித்து, உதடு நடுங்க, சொட்டச் சொட்ட வந்த முத்தம்மா அருவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இத அப்படியே வண்டியில ஏத்து. எங்க கம்மாயில எறக்கிட்டு வந்துருவோம்."

இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் அருவி காட்டும் நான், வண்டியை விட்டு நகர முடியாமல், இந்தச் சீசனிலும் வீட்டுக் குழாயடியில்தான் குளித்துக்கொண்டிருக்கிறேன்.