சனிக்கிழமை அழித்த கோடு

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, வருடம் சரியாக நினைவில்லை. சின்னாளப்பட்டியில் நான் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் புற்றுநோய். எல்லாம் புகையிலை செய்த வேலை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் 'கரண்டு வைக்க' வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் ஊரில் அன்று அதுதான் பெயர்.

முதல் நாளே அவர் கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கட்டம் போட்டார்கள். அதில் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் சொன்னதற்கு நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஆனால் எங்கள் தொழிலில் துணிமேல் அடையாளம் வைப்பது முடிச்சுப் போடும்வரைதான். பிறகு அலசினால் போய்விடும். இதையும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து நாள் கரண்டு வைத்தாயிற்று, இனி கோடு எதற்கு?

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். தெருவே அவர் முகத்தைப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துப் பளிச்சென்று குளிப்பாட்டிவிட்டேன். "விடு புள்ள, எரியுது" என்றார். நான் விட்டால்தானே!

திங்கட்கிழமை மெஷின் அறையில் இருந்தவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோடு எங்கம்மா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் வாய்தான் அப்போதும் அடங்கவில்லை.

"பேனாவக் குடுங்கய்யா, நானே போட்டுத் தாரேன். ஆயிரம் முடிச்சுப் போடுற கண்ணு, தப்பாது."

அவர் ஒரு விளக்கைப் போட்டார். என் வீட்டுக்காரர் கன்னத்தில் சதுரமாக வெளிச்சம் விழுந்தது.

"இந்த வெளிச்சம் வழிகாட்டத்தாம்மா, கோட்டுமேல பொருந்தி விழணும். நெசமான கதிரு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நூல் பிசகுனாலும் நோவு தப்பிச்சுக்கிரும், இவரு கண்ணு போயிரும்."

பிழைக்க வைக்கக் கூட்டி வந்தவரை நானே கெடுத்துவிட்டேனே என்று அங்கேயே அழுதேன். டாக்டர் வந்து, முதலிலிருந்து அளந்து, படம் எடுத்துப் புதுக்கோடு போட இரண்டு நாள் ஆனது.

அப்புறம் அந்த மெஷின்காரர் மைப்பேனாவை என் கையிலேயே கொடுத்தார். தினமும் காலையில், கோடு மங்குவதற்குள் நான் அதன்மேல் எழுத வேண்டுமாம். அழித்தவளை நம்பிக் கொடுக்கிறாரே என்று பேனாவை முந்தானையில் முடிந்துகொண்டேன். மிச்ச வாரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

சிகிச்சை முடிந்து, புண் ஆறிய பிறகு, இனி குளிப்பாட்டலாம் என்றார் டாக்டர். சீயக்காயைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிச்சமிருந்த கோட்டின்மேல் கை போகவில்லை. தானாக மங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பின் பதினான்கு வருடம் இருந்தார் மனுஷர்.

இப்போது மருந்தை ஏற்றிவிட்டு வெளிச்சம் பாய்ச்சினால், நோயுள்ள இடத்தில் மட்டும் அந்த மருந்து வேலை செய்யும் என்று பேப்பரில் படித்தேன். வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தையும் எங்கே விழ வைப்பது என்று யாரோ ஒருவர் பொறுமையாக அளக்கத்தானே வேண்டும்? அவர் சொல்வதை வீட்டில் இருப்பவர்களும் காதில் வாங்க வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, யார் எதைச் சொன்னாலும், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் தலையாட்டியதே இல்லை.