இரண்டாவது ரத்தம் வரும்வரை

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். போர்வெல் லாரி, திருப்பூர்ச் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு, அந்தத் தை மாதம் வலங்கைமான் பக்கம் சம்பா அறுக்கும் மெஷினில் மாற்று டிரைவராக இருந்தேன். மூத்த டிரைவருக்குச் சர்க்கரை வியாதி. சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். வேர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஒன்றைக் கடித்துக்கொள்வார். மெஷின் ஓட்டும் சர்க்கரைக்காரர்கள் பலருக்கும் அதுதான் வைத்தியம்.

ஒரு நாள் காலை மிட்டாய் தின்றும் வேர்வை நிற்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. வயல்காரரின் பைக்கை வாங்கி அவரைக் கும்பகோணம் கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எகிறியிருந்தது. ஈசிஜியில் பெரிதாக ஒன்றுமில்லை. ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற பொருளாம். அதுவும் அளவோடுதான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

"அந்தாளுக்குத்தான் அட்டாக்கு. எனக்கென்ன? பைக் சாவியக் குடு, மழ வருது" என்றார் டிரைவர்.

டாக்டரம்மா திரும்பி நின்றார். "சுகர் இருந்தா வலிக்காமயே அட்டாக் வரும்ங்க. மொதல்ல ஏறாத ட்ரோபோனின் அப்புறம் ஏறலாம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் எந்திரிக்காதீங்க."

அவர் நகர்ந்ததும் டிரைவர் காலைக் கீழே வைத்தார். "நெல்லு சாஞ்சா நீயாடா பதில் சொல்லுவ?"

"நீங்க சாஞ்சா ஒங்க வீட்டுக்கு யாருண்ணே பதில் சொல்றது?"

"ஒன்ன ஒரு எடத்துலயும் வச்சுக்காம வெரட்டுனது சரிதான்டா."

நான் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் மழை பிடித்தது. டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டாவது ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அட்டாக்தானாம். ஆனால் இவருடையதைவிட அவர் அளவு குறைவு என்றார் நர்ஸ்.

"இப்பவாவது வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லிங்க. அசதிதான்."

தஞ்சாவூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது மிச்சமிருந்த மிட்டாயை என்னிடம் நீட்டினார். "நீ தின்னு. சாஞ்ச நெல்ல எதிர்ப்பக்கத்துலேர்ந்து புடிச்சு அறு."

வயல் காய்ந்து மெஷினை இறக்கிய அன்று அவரே போன் செய்தார். அடைப்பை எடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்வதற்கு முன், எந்தப் பக்கமிருந்து பிடித்தாய் என்றுதான் கேட்டார்.