டிசம்பருக்குக் காத்திருந்த தூண்டில்தடி

எங்கள் அண்ணா போய் இன்று முப்பத்தோராம் நாள். வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அண்ணாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நான் எழுதிப் பழகியவன் அல்ல. பள்ளிக்கூடமும் அதிகம் போகவில்லை. கண்டதை எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தார். வீட்டில் மூத்தவர். நான் கடைசி. எங்களைப் பெற்ற ஐயாவுக்குக் கடல்தொழில். மீசை முளைக்கும் முன்பே அண்ணாவும் ஐயாவோடு வள்ளத்தில் போகத் தொடங்கிவிட்டார். சண்டையால் ஊரை விட்டு எழும்பியபோது வள்ளமும் வலையும் கரையிலேயே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அண்ணா தொழிலுக்காகக் கடலில் இறங்கவில்லை.

அவுஸ்திரேலியாவுக்கு, இந்த மெல்பேணுக்கு, முதலில் வந்தவர் அண்ணா. டன்டினோங்கில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி தூக்கும் வேலை. அம்மாவைக் கடைசி வரை பார்த்தார். என்னைக் கூப்பிட்டு எடுத்தார். அதற்குப் பிறகுதான் கலியாணம் செய்தார். ஒரே மகள். நோபல் பார்க்கில் வீடு வாங்கினார். வேறு வேலை தேடவில்லை. வலது தோள் அந்தப் பெட்டிகளோடு போய்விட்டது. ஒப்பரேசன் செய்தும் கை தலைக்கு மேலே முழுதாக எழும்பாது. அவர் அதைச் சொல்வதில்லை. சட்டை போடும்போது பார்த்தால் தெரியும்.

அண்ணா அதிகம் ஆசைப்பட்டவர் அல்ல. ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

லீவு நாட்களில் நாங்கள் மோர்டியலொக் பாலத்துக்குத் தூண்டில் போடப் போவோம். மற்றவர்கள் தடியோடு நிற்பார்கள். அண்ணா வெறும் கையால் போடுவார். நூலை ஒரு சோடாப் போத்தலில் சுற்றி வைத்திருப்பார். மீன் கொத்துவது விரலில் தெரியும். இழுத்தால் விடுவார், விட்டால் இழுப்பார். எல்லாரையும் விட அவருக்குத்தான் கூட மீன் படும்.

ஒருநாள் வேலையிடத்தில் ஒருவர் போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார். மறே கொட் என்ற மீன். படத்தில் அந்த ஆள் அதை ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வைத்திருந்தார். அண்ணா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வந்து எங்களுக்குக் காட்டினார்.

"ஆத்து மீனாம். நம்புவியோ?" என்றார் என்னிடம்.

"வாய் அண்டா மாதிரிக் கிடக்கு" என்றேன்.

பக்கத்தில் அண்ணியின் தம்பி இருந்தார். "அத்தான், இது கறிக்கு நல்லதோ?" என்று கேட்டார்.

"பெரிசு எண்டால் திருப்பி விடவேணும். சட்டம்."

"பிடிச்சுப்போட்டு விடுறதோ? உங்களுக்கு விசரோ? சின்னனைப் பிடியுங்கோ, கொண்டு வந்து காச்சுவம்."

"எனக்குப் பெரிசுதான் வேணும்" என்றார் அண்ணா.

ஏன் என்று பிறகு நான் தனியாகக் கேட்டேன். "இவ்வளவு காலமும் பிடிச்சதெல்லாம் விக்கவும் தின்னவும்தான். ஒண்டைச் சும்மா பிடிச்சு, பாத்து, விடவேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மீனுக்குக் கைத்தூண்டில் சரிவராது. ஒரு சாண் நீளமான, ஊசிகள் பூட்டிய பொய்மீனை ஆற்றுக்குள் எறிய வேண்டும், திரும்பச் சுற்ற வேண்டும், திரும்ப எறிய வேண்டும். நாள் முழுக்க எறிந்தாலும் கொத்தாமல் விடும். பாரம் கூடியது. தடி இல்லாமல் எறிய ஏலாது. அண்ணா வாழ்நாளில் தடி பிடித்தவர் அல்ல. ஆகவே தடி பார்க்கத் தொடங்கினார்.

டன்டினோங்கில் ஒரு வியட்நாம்காரரின் தூண்டில் கடை. சனிக்கிழமைகளில் அங்கே போய் நிற்போம். அண்ணா ஒவ்வொன்றாக எடுப்பார். நீளம் பார்ப்பார். பிடியின் நீளம் பார்ப்பார். எவ்வளவு பாரம் எறியலாம் என்று அடியில் எழுதியிருப்பதை வாசிப்பார். கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் பார்ப்பார். திரும்ப வைப்பார். வீட்டில் போனில் அதே தடிகளைப் பார்ப்பார். அப்படியே ஒரு வருசம் போனது.

அண்ணி ஒருநாள் தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நிமிந்தும் பாக்கேல்லை. ஓம் எண்டிட்டுப் போட்டார். இந்தத் தடியை எண்டால் இன்னும் பாக்கிறார்."

"உன்னைத் திருப்பிக் குடுக்க ஏலாது எண்டு தெரியும். பாத்து என்ன?" என்றார் அண்ணா.

மகள் அறைக்குள் இருந்தபடியே, "அப்பா, ஜஸ்ட் பை இற்!" என்று கத்தினா.

கடைசியில் இரண்டு தடிகள் மிஞ்சின. ஒன்று முழுக்கக் காபன் நாரால் செய்தது. இறகு போல இருக்கும், ஆனால் விறைப்பு. வளையாது. மற்றது கண்ணாடி நார் கலந்தது. கையில் கொஞ்சம் பாரம். பிரம்பு போல அடி வரைக்கும் வளையும்.

கடைக்காரர் அண்ணாவின் தோளைக் கவனித்திருக்க வேண்டும். இரண்டு தடியிலும் நூல் கோத்து, ஒவ்வொன்றாக அண்ணாவிடம் கொடுத்து, நூலின் நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கடை வாசலுக்குப் போனார். "நான் மீன். நீ பிடி" என்றார் ஆங்கிலத்தில். மீன் தலையை உலுப்புவது போல வெட்டி வெட்டி இழுத்தார். சாமான் வாங்க வந்தவர்கள் விலகி நின்று சிரித்தார்கள். காபன் தடியில் ஒவ்வொரு வெட்டும் நேரே அண்ணாவின் தோளுக்குப் போனது. முகத்தில் தெரிந்தது. மற்றத் தடியில் வெட்டுகளையெல்லாம் தடியே வாங்கிக்கொண்டது.

"உனக்கு இதுதான்" என்று கலப்புத் தடியைக் காட்டினார் கடைக்காரர்.

அண்ணா காபனைத்தான் வாங்கினார். காரில் வரும்போது, "வளையிறது பெரிய மீனுக்கு நிக்காது" என்றார். வள்ளத்தில் வளைகிற கம்பு விறகுக்குத்தான் போகும். அந்தக் கணக்கு அவருக்கு. அந்தத் தடி ஒரே துண்டு. அண்ணாவின் வான் வண்டி அன்றைக்குத் திருத்தக் கொடுத்திருந்தது. என் சின்னக் காரில் பின் கண்ணாடியில் இருந்து முன் கண்ணாடி வரைக்கும் கிடந்தது. நான் கழுத்தைச் சரித்துக்கொண்டு ஓட்டினேன்.

அடுத்த கிழமை அண்ணியின் தம்பி வீட்டுக்கு வந்தார். தடியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அத்தான், பென்சில் மாதிரிக் கிடக்கு. மீன் இல்லை, கத்தரிக்காய் கொழுவினாலே முறிஞ்சிடும்."

"வா கராஜுக்கு" என்றார் அண்ணா.

எங்கள் ஆட்கள் புதுக்கயிறு வாங்கினால் சும்மா கடலுக்குக் கொண்டு போகமாட்டார்கள். கரையிலே பாரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் கொண்டு போவார்கள். ஐயாவும் அப்படித்தான். அண்ணாவும் அப்படித்தான். சம்பா அரிசிப் பையில் நூலைக் கட்டினார். பத்துக் கிலோப் பை. தடியை நிமிர்த்திப் பிடித்துத் தூக்கினார். தடி நடுங்கியது. பை நிலத்தை விட்டு எழும்பியது.

மேல் பக்கத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

"பையின்ரை தையல்" என்றார் அண்ணியின் தம்பி.

அண்ணா பையை இறக்கிவிட்டு விரலால் தடியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கை தட்டினோம். அந்த அரிசியில்தான் அன்றைக்குச் சமைத்தோம்.

இங்கே ஆகஸ்ட் முடிவு வரைக்கும் குளிர்காலம். அந்தக் குளிர்காலம் முழுக்க நகாம்பிப் பக்கம் கோல்பேர்ன் ஆற்றுக்குப் போனோம். அண்ணா எறிவார். நான் பக்கத்தில் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் தோள் நோகும். இடக்கையால் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு எறிவார். ஒன்றும் கொத்தவில்லை. செப்டெம்பரில் இருந்து மூன்று மாதம் கொட் பிடிக்கத் தடை. ஆகஸ்ட் கடைசிக் கிழமை ஒருக்காப் போட்டு வருவோம் என்றார். போனோம்.

பொழுது படுகிற நேரம். சரியான குளிர். அண்ணா வேலைக் கையுறையைப் போட்டுக்கொண்டு எறிந்துகொண்டு நின்றார். விழுந்து கிடந்த மரத்தின் ஓரத்தில் தண்ணீர் ஒருக்கால் வீங்கியது. மீன் அடித்தது. தடி வளைய முன்பே மேல் பக்கத்தில் முறிந்தது. துவக்கு வெடித்த மாதிரிச் சத்தம்.

அண்ணா தடியைக் கீழே போட்டார். நூலைக் கையால் பிடித்தார். அவ்வளவுதான், அவர் வேறு ஆளாகிவிட்டார். இழுத்தால் விட்டார், விட்டால் இழுத்தார். தோள் நோகிற ஆள் என்று சொல்ல ஏலாது.

"வருது. வருது. கிட்ட போ" என்றார்.

நான் தண்ணீருக்குள் இறங்கினேன். மீன் மேலே வந்தது. நான் கண்டேன். அண்ணாவும் கண்டார். பச்சைப் புள்ளிகள். தலை மட்டும் தாச்சிச் சட்டி அளவு. என் கை படுகிற தூரம்தான்.

முறிந்த தடியின் துண்டு இன்னும் நூலிலேயே கொழுவிக் கிடந்தது. அதன் வாய் கத்தி போல இருந்தது. மீன் ஒருக்கால் திரும்பியது. நூல் அதிலே உரசி அறுந்தது.

அண்ணா முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தார்.

"அரிசிப் பை" என்றார்.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வான் வண்டிக்கு நடந்தார்.

தடியைக் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் முறிவைப் பார்த்தார். எங்கேயாவது அடிபட்டதா, பாரம் தூக்கினாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் புதுத் தடி சும்மா கிடைத்திருக்கும். அண்ணா அரிசிப் பையைச் சொன்னார். கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அண்ணாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். இந்தத் தடி இழுக்கத்தான், தூக்க அல்ல, காபன் உள்ளே வெடித்தால் வெளியே தெரியாது என்று சொன்னார்.

அண்ணியின் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், ஏன் வாயைத் திறந்தனீங்கள்?" என்றார்.

"அவர் கேட்டவர்" என்றார் அண்ணா.

அன்றைக்கே கலப்புத் தடிக்குச் சொல்லிவிட்டு வந்தார். இந்த முறை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வேறு ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. தடி கடையில் இருக்கவில்லை, வரவழைக்க வேண்டியிருந்தது. வந்தபோது செப்டெம்பர். தடை தொடங்கிவிட்டது.

அண்ணா பின்னேரங்களில் வீட்டுக்குக் கிட்ட உள்ள விளையாட்டுத் திடலுக்குப் போவார். பொய்மீனில் ஊசிகளைக் கழற்றிவிட்டுப் புல்லில் எறிந்து பழகுவார். தடியே எறிந்தது. அண்ணா இரண்டு கையாலும் பிடித்து வளையவிட்டு விட்டால் போதும், பொய்மீன் திடலின் மற்றக் கரைக்குப் போகும். யாரோ ஒருவரின் நாய் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். "முதல் மீன்" என்பார் அண்ணா. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பிறகு காணவில்லை.

"இதைத்தான் முதலே வாங்கியிருக்கவேணும். அந்த மனிசன் சொன்னவர்" என்றார் ஒருநாள்.

அண்ணியின் தம்பி, "ஆத்தங்கரையிலை ஆர் பாக்கினம் அத்தான்? ஒருக்காப் போட்டு வாங்கோ" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"ஆம்பிளை மீன் முட்டைக்குக் காவல் நிக்கிற நேரம். விடு. டிசம்பர் வரட்டும்" என்றார் அண்ணா.

நவம்பரில் ஒரு காலை வேலைக்கு வெளிக்கிடும்போது நெஞ்சு நோகிறது என்று கதிரையில் இருந்தார். மகள் உடனே அம்புலன்ஸ் கூப்பிட்டா. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். அடுத்த நாள் கதைத்தார். அண்ணி குடுத்த கஞ்சியைக் குடித்தார். என்னைக் கண்டதும், "டிசம்பருக்கு லீவு போட்டிட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணா, போட்டிட்டன்" என்றேன். போட்டுத்தான் இருந்தேன்.

அன்றிரவு போய்விட்டார்.

சாம்பலைக் கடலில் கரைத்தோம். எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலுக்கு அண்ணியின் தம்பி சந்தைக்குப் போய் மீன் வாங்கினார். அங்கே வளர்ப்புக் கொட் மீன் இருந்ததாம். வாங்கவோ என்று போனில் கேட்டார். "வேண்டாம். காசு குடுத்து வாங்கி அதை அவருக்குப் படைச்சால் கோவிப்பார்" என்றார் அண்ணி. பாரை மீன் வாங்கிப் பொரித்துப் படைத்தோம்.

எனக்கு அந்த ஒரு வருசம்தான் திரும்பத் திரும்ப நினைவு வருகிறது. எது நல்லது, எது நல்லது என்று கடையில் நின்ற சனிக்கிழமைகள். ஆற்றங்கரையில் நின்றிருக்கலாம். நூறு தடி பார்த்தவர், சரியான தடியால் ஆற்றில் ஒரு தரமும் எறியவில்லை. அந்த மீனும் அங்கேயே எங்கேயோ நிற்கும். நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அண்ணா சந்தோசமாக இருந்தார். அது எனக்குத் தெரியும். அதுவாவது கிடைத்தது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை.

செய்தி கேட்டு ஓடி வந்த எல்லோரையும் எங்கள் குடும்பம் மறக்காது. அயல் வீட்டுக்காரர்கள் முதல் நாளில் இருந்து சாப்பாடு கொண்டு வந்தார்கள். களஞ்சியத்து வேலை நண்பர்கள் லீவு எடுத்து வந்து அண்ணாவின் பெட்டியைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரித் தாதிமார், கிரியைகளைச் செய்த ஐயர், சிட்னியில் இருந்து இரவிரவாகக் கார் ஓடி வந்த உறவுகள், அண்ணாவுக்காக எல்லா வேலையும் ஓடி ஓடிச் செய்த அண்ணியின் தம்பி, எல்லோருக்கும் நன்றி. தூண்டில் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் இதில் எழுதுகிறேன். நன்றி.

போன கிழமை கராஜைத் துப்புரவு செய்யப் போனேன். கலப்புத் தடி சுவரில் நின்றது. ரீல் பூட்டி, நூல் கோத்து, பொய்மீனுக்கு ஊசிகளைத் திரும்பப் போட்டு வைத்திருந்தார். அது இரண்டாகப் பிரிகிற தடி. அண்ணாவின் வான் வண்டிக்குப் பிரிக்கத் தேவையில்லை. என் காருக்குத்தான் தேவை.

அண்ணி வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, டிசம்பர் வந்திட்டுது."

"ஓம் அண்ணி."

"கொண்டு போங்கோ. பெரிசு பட்டால் அவரின்ரை பேரைச் சொல்லி விட்டிட்டு வாங்கோ."

திரும்பி இரண்டு அடி நடந்தவர் நின்றார்.

"அரிசிப் பை மட்டும் தூக்கிப் பாக்காதேங்கோ."

— தம்பி