இரண்டு சொட்டு எண்ணெய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மலாயாவில், ஈப்போ நகரத்தில் ஒரு மாடிக் கடை. வெள்ளைக்காரப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் இடம். காலை பத்து மணி இருக்கும்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். கடையை நடத்திய மிஸ்ஸி; பினாங்கிலிருந்து வந்த சட்டைக்கார, அதாவது வெள்ளைக் கலப்புப் பெண்மணி. எங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். என்னோடு படித்த ஒரு சீனப் பெண். எங்கள் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி என்போம். நாற்காலியில் என் நாத்தனார், வயது பதினெட்டு. அவளுக்குப் பின்னால், கையில் சீப்போடு நான்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கணவர் காய்ச்சலில் போனார். மாமியாரும் நாத்தனாரும் நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே அறையில் இருந்தோம். பிறகு துரை பங்களாவில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. துரைசானி முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருப்பார். அதை அலை அலையாக நெளித்துக்கொள்ள அடிக்கடி ஈப்போவுக்குப் போவார். போய்ப் போய் அலுத்துவிட்டது. என்னை நாலு மாதம் அங்கே விட்டுக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்.

முதல் மாதம் கூட்டினேன், துவாலை துவைத்தேன். இரண்டாம் மாதம் தலை கழுவவும் நகம் ராவவும் முகத்துக்குக் கிரீம் தேய்க்கவும் விட்டார்கள். மூன்றாம் மாதம்தான் இடுக்கியைத் தொட்டேன். இரும்பு இடுக்கி. ஸ்பிரிட் விளக்கில் காய வைத்து, முடியை அதில் பிடித்து மடக்கினால் அலை விழும். காய்ந்ததை முதலில் வெள்ளைத் தாளில் பிடித்துப் பார்க்க வேண்டும். தாள் பழுத்தால் சூடு அதிகம். பழுக்காவிட்டால் தலைக்குப் போகலாம். குதிரை மயிர் கட்டிய மரத்தலையில் நாள் முழுக்கப் பழகினேன்.

மிஸ்ஸி மலாயும் தமிழும் கலந்து பேசுவார். ஒன்றை மட்டும் தினமும் சொல்வார்.

"எண்ணெய் தலை வேண்டாம். எண்ணெய் கொதிக்கும். தோல் போயிரும்."

நாலாம் மாதம் பரீட்சை. அவரவர் ஒரு ஆளைக் கூட்டி வரவேண்டும். துரைசானி வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் பங்களாவில் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் எதுவும் இல்லை. ரப்பர் விலை இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. என் பெயரைப் பால்மரப் பேரேட்டில் திரும்ப ஏற்ற முடியாது என்று கங்காணி முன்பே சொல்லிவிட்டார். தேறாவிட்டால் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். ஊரில் எனக்கு யாரும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய்க் கேட்டேன். தலை கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. நாத்தனார் தானாக முன்வந்தாள். அவளுக்குப் பரியம் போட்டுக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பாகான் செராய் பக்கம். மாமியார் மறித்தார்.

"கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள. அறுத்தவ கையில தலையக் குடுப்பியா?"

"அண்ணி கைதானே ஆத்தா. பாம்பா, கொத்தறதுக்கு?"

நான் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டேன். தலைக்குச் சீயக்காய் போட்டு, காயவைத்து, எண்ணெய் வைக்காமல் வா என்று சொல்லி அனுப்பினேன். அவள் காலை ரயிலில் தனியாக வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டையை அவிழ்த்தேன். முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. சீனப் பெண் நின்று பார்த்தாள்.

உச்சியில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. விரல் பளபளத்தது.

"எண்ணெய் வச்சியா?" காதோடு கேட்டேன்.

"ரெண்டு சொட்டு அண்ணி. குளிச்சிட்டுத்தான் கெளம்புனேன். ஆத்தா வாசல்ல புடிச்சு நிறுத்தி வச்சு உட்டுருச்சு. வறட்டுத் தலையோட போனா எழவுக்குப் போற மாதிரி இருக்காம்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். எண்ணெய் இல்லாத தலை துக்கத் தலை. கல்யாணப் பெண்ணை அப்படி வெளியே விடமாட்டார்கள். இதை நான் முன்பே நினைத்திருக்க வேண்டும்.

மிஸ்ஸியிடம் சொன்னால் கழுவிவிட்டு வா என்பார். அவ்வளவு முடி காய மத்தியானம் ஆகும். துரைசானி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் வரமாட்டார்.

நான் சொல்லவில்லை. துவாலையால் அழுத்தித் துடைத்தேன். மிஸ்ஸி விளக்குப் பக்கம் திரும்பியபோது பவுடர் தூவித் தேய்த்தேன். காய்ந்த தலை மாதிரிதான் இருந்தது.

"மரத்துல கோடு போட்ட கை இப்ப என் தலையில போடுது," என்றாள் அவள். "பால் வந்தா எனக்குப் பாதி குடுத்துடுங்க அண்ணி."

"ஆடாம இரு."

தாளில் பிடித்துப் பார்த்தேன். பழுக்கவில்லை. வலது பக்கம் முதல் அலை நன்றாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. துரைசானி தலையாட்டினார். இடது பக்கம் வந்தேன். வகிட்டை ஒட்டிப் பிடித்ததும் மெல்லச் சுரீர் என்று கேட்டது. அவள் கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். வாய் திறக்கவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒன்றுதான், முடித்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பவும் அதே இடத்தை ஒட்டிப் பிடித்தேன்.

"அக்கா, ஹங்குஸ்," என்றாள் சீனப் பெண். மலாயில் கருகுகிறது என்று அர்த்தம். எனக்கும் வாடை வந்திருந்தது.

மிஸ்ஸி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். இடுக்கியோடு ஒரு கற்றை முடி வந்துவிட்டது. வகிட்டை ஒட்டித் தோல் வெளுத்து, பிறகு சிவந்து கொப்பளித்தது. மிஸ்ஸி குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். முடியை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"எண்ணெய் இருக்கு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, மிஸ்ஸி."

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. யோசிக்காமல்தான் வந்தது.

மிஸ்ஸி நாத்தனாரைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"நான்தான் வச்சேன். அண்ணிகிட்ட சொல்லல."

மிஸ்ஸியும் துரைசானியும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு மிஸ்ஸி சொன்னார். குற்றம் அந்தப் பெண்ணுடையது. வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. நீ தேறினாய். முத்திரை போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். சீனப் பெண் பவுடர் படிந்த துவாலையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அதைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டாள்.

திரும்பும்போது ரயிலில் நாத்தனார் முக்காடு போட்டுக்கொண்டாள். களிம்பு வாடை அடித்தது.  சுங்கை சிப்புட்டில் இறங்கும் முன்தான் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க தெரியாதுன்னுட்டீங்க. அப்பறம் நான் என்ன சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள்.

புண் ஆறியது. முடி வரவில்லை. அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். செய்தி அவர்களுக்குப் போயிருந்தது. முக்காட்டை விலக்கச் சொன்னார்கள்.

"குங்குமம் வைக்கிற எடத்துல நெருப்பு பட்டிருக்கே," என்றாள் ஒருத்தி. கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. பரியம் திரும்பிப் போனது.

மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. "அறுத்தவ கை படவேணாம்னு அன்னிக்கே அடிச்சுக்கிட்டேனே" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதார். லயமும் அதையேதான் சொன்னது. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். விதவைக் கை என்று திட்டினார்கள். தெரிந்தே செய்த கை என்று யாருக்கும் தெரியாது. அந்தத் திட்டு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதைத்தான் இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நாத்தனாருக்குத் தெரியும். சொல்லவில்லை. "உடு ஆத்தா" என்பாள், அவ்வளவுதான்.

ஆள் குறைத்தபோது மாமியார் பெயரும் அவள் பெயரும் போயின. என் பங்களாச் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். சோற்றை அவள்தான் போடுவாள். எனக்கு முதலில் போடுவாள்.

மூன்று வருஷம் கழித்து ஆயர் தாவாரில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். அவருக்கு அவளைப் போல இரண்டு மடங்கு வயது. முதல் பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனேன். எழுந்து உட்கார முடியாமல் கிடந்தாள். சிக்குப் பிடித்திருந்தது. நான் வாரிவிட்டேன். அந்த இடம் கையில் பட்டது. வழவழவென்று இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நான் கேட்கவில்லை. பின்னி முடித்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு முப்பது வருஷம் இந்தத் தொழில்தான் செய்தேன். நல்ல கைக்காரி என்று பெயர் வாங்கினேன். கைவேலை மிஸ்ஸியிடம் கற்றது. ஒருவர் வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வலிக்கவில்லை என்று ஆகாது என்பது நாத்தனாரிடம் கற்றது. யார் தலையைத் தொட்டாலும் முதலில் எனக்கு நினைவு வருவது அந்த இடத்தின் அளவுதான். அகலம் இரண்டு விரல், நீளம் மூன்று.